பத்தியாளர் கேட்காத கேள்வி

காலையில் படித்த செய்தி, நண்பர்களோடு கழித்த இரவு, போய்வந்த ஊர். இந்த மூன்றையும் குழைத்து எழுதப்படும் பத்திகள் இன்று தொகுப்பு தொகுப்பாக வருகின்றன. அவற்றின் முன்னுரைகளிலும் வெளியீட்டு விழாப் பேச்சுகளிலும் ஒரே வாதத்தைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். பத்தி என்பது எழுதுபவரின் மனப்பதிவு. அதில் தகவலைத் தேடுவதும் சரிபார்ப்பதும் ரசனைக் குறைவு என்பதே அந்த வாதம். இது தவறான வாதம். தமிழில் இந்த எழுத்து வளர்ந்த வழிக்கே எதிரான வாதமும்கூட.

பத்தியின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. பாரதி 1915-இல் சுதேசமித்திரனில் ‘தராசு’ எழுதத் தொடங்கியபோது, அன்றாட அரசியலைப் பேச்சுத் தொனியில் விவாதிக்கலாம் என்று காட்டினார். 1965-இல் தில்லியிலிருந்து கணையாழி வரத் தொடங்கியதும் அதன் கடைசிப் பக்கத்தில் சுஜாதா எழுதியவை தமிழ் வாக்கியத்தின் நீளத்தையே குறைத்தன. எஸ். ராமகிருஷ்ணனின் ‘துணையெழுத்து’ ஆனந்த விகடனின் வாசகர் பலரை இலக்கியத்தின் பக்கம் அழைத்து வந்தது. தனி ஒருவரின் குரல் வாரந்தோறும் வீட்டுக்குள் வந்து பேசுவதில் ஒரு நெருக்கம் இருக்கிறது. தலையங்கத்தால் அதைத் தர முடியாது.

என் ஆட்சேபம் அந்த நெருக்கத்துக்குப் பின்னால் இருப்பதைப் பற்றியது. இன்றைய பத்தியில் வரும் மனிதர்களைப் பாருங்கள். ஒரு டீக்கடைக்காரர் வருவார், ஓர் ஆட்டோ ஓட்டுநர் வருவார், ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு முதியவர் இருப்பார். மூவரும் ஒரே ஒரு வாக்கியம் பேசுவார்கள். அது எழுதுபவருக்கு அந்த வாரம் தேவைப்பட்ட வாக்கியமாக இருக்கும். டீக்கடைக்காரர் கடைக்கு வாடகை எவ்வளவு தருகிறார், ஆட்டோ அவருடையதா தினவாடகைக்கு எடுத்ததா, முதியவர் எதற்காகப் பயணம் செய்கிறார் என்பவை கேட்கப்படுவதில்லை. அவர்கள் பத்தியாளரோடு முரண்படுவதும் இல்லை. அதைவிட முக்கியம், அவர்களுக்கு அலுப்போ அவசரமோ வேறு வேலையோ இருப்பதாகக்கூட எழுதப்படுவதில்லை. பத்தியாளர் பார்க்கிறார், நெகிழ்கிறார், நகர்ந்துவிடுகிறார்.

தியாகராய நகரின் தீபாவளிக் கூட்டத்தைப் பற்றி எழுதாத பத்தியாளர் அரிது. ரங்கநாதன் தெருவின் நெரிசல், சிறுவயதில் அப்பா வாங்கித் தந்த சட்டை, புதுத்துணியின் வாசனை என்று எல்லாம் வந்துவிடும். துணியை எடுத்து விரித்துக் காட்டிய பெண் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே இருந்ததை அந்தப் பத்திகளில் நான் படித்ததில்லை. 2010-இல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ அந்த நிற்றலைத் திரையில் காட்டிய பிறகும் பத்திகள் மாறவில்லை. கேரளம் 2018-இல் கடைத் தொழிலாளர்கள் உட்காரும் உரிமைக்குச் சட்டத்தில் இடம் தந்தது. கோழிக்கோட்டுக் கடைகளில் பெண் தொழிலாளர்கள் போராடியதன் பலன் அது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் தன்னுடைய 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. ஒரு சட்டமன்றம் கவனித்துவிட்டதை, கவனிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் கவனிக்கவில்லை. “உங்களுக்கு உட்கார நேரம் தருவார்களாம்மா?” என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும், ஒரு முழுப் பத்தி கிடைத்திருக்கும்.

இரவைப் பற்றிய பத்திகளிலும் இதே கதைதான். மதுரையைத் தூங்கா நகரம் என்று வியந்து, நள்ளிரவு இட்லியையும் பூச்சந்தையின் மணத்தையும் எழுதுகிறார்கள். அந்த நேரத்தில் யார் விழித்திருக்கிறார்கள்? மூட்டை இறக்குபவர், தட்டு கழுவுபவர், தெருக் கூட்டுபவர். தமிழ்நாட்டில் கடைகள் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் அரசாணை வந்தபோது வேலை நேரம், வார விடுமுறை, இரவில் பெண்களின் பாதுகாப்பு ஆகியவை பற்றிய நிபந்தனைகளும் அதில் இருந்தன. அவை பின்பற்றப்படுகின்றனவா என்பதை நள்ளிரவில் கடைவாசலில் நிற்கும் எழுத்தாளரைவிட எளிதாக யாராலும் கேட்டுவிட முடியாது. அவரோ தன் தனிமையை எழுதுகிறார்.

செய்தியை எடுத்துக்கொண்டால் என் மனத்தாங்கல் இன்னும் பெரிது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு அடையாற்றில் வெள்ளம் பெருகிச் சைதாப்பேட்டையும் ஜாபர்கான்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. அடுத்த வாரங்களில் நான் படித்த பத்திகளில் பெரும்பாலானவை மின்சாரமில்லாத வீட்டைப் பற்றியவை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குடும்பம் கூடிப் பேசியது, பெயர் தெரியாத அண்டைவீட்டார் உணவு கொடுத்தது, இளைஞர்கள் படகோடு வந்தது என்று எழுதினார்கள். இவை நடந்தவை, மறக்கக் கூடாதவை. ஆனால் எல்லாப் பத்திகளும் மனிதநேயம் வென்றது என்ற ஒரே இடத்தில் போய் நின்றன. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் ஏன் அந்த நேரத்தில் திறக்கப்பட்டது என்ற கேள்வி அந்தக் கண்ணீரில் கரைந்துபோனது. 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மத்தியத் தணிக்கை அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்றது. அதற்குள் பத்தியாளர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். ஆற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட குடும்பங்கள், வீட்டுவேலைக்கும் பள்ளிக்கும் எத்தனை பேருந்து மாறிப் போகின்றன என்று எழுத அவர்களில் எத்தனை பேர் போனார்கள்?

பத்தித் தொகுப்புகளில் கட்டுரை முதலில் வெளிவந்த தேதி பெரும்பாலும் இருப்பதில்லை. இதைப் பதிப்பாளரின் கவனக்குறைவு என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. தேதி இல்லாமல் அச்சிட்டாலும் யாருக்கும் உறுத்தவில்லை என்றால், எந்த மழைக்கும் எந்த ஊருக்கும் பொருந்தும்படியே அவை எழுதப்பட்டிருக்கின்றன. அழகான நடை இங்கே உதவவில்லை. கேட்காமல் விட்டதை மூடிவைக்கிறது.

மனப்பதிவுதான் முக்கியம் என்பவர்கள் ஏ. கே. செட்டியாரைப் படிக்க வேண்டும். 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குப் போகும் கப்பலில், காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. பிறகு ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்து, பல நாடுகளில் சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் திரட்டி 1940-இல் படத்தை வெளியிட்டார். அந்தத் தேடலைச் சொல்லும் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ நூலில் தன்னைப் பற்றிப் பெருமை பேச அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவரோ யாரைத் தேடிப்போனார், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதில்தான் கவனம் வைக்கிறார். அவருடைய குரல் அந்தக் கேள்விகளின் வழியாகவே நமக்குப் பழக்கமாகிறது. தனி ஆளுமை தெரிய வேண்டுமென்றால் ‘நான்’ என்று பக்கம் முழுக்க நிரப்ப வேண்டியதில்லை.

வாரக் கெடு நெருக்குகிறது, விசாரிக்க நேரமில்லை என்ற சமாதானமும் சொல்லப்படுகிறது. 1921 ஜூலை 31 அன்று பாரதி ஈரோடு கருங்கல்பாளையம் நூலகத்தில் பேசினார். உடல் தளர்ந்திருந்த காலம் அது. ஆகஸ்டு முதல் வாரத்திலேயே அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை சுதேசமித்திரனில் வந்துவிட்டது. அடுத்த மாதம் அவர் இறந்துபோனார். செட்டியார் 1943-இல் தொடங்கிய குமரி மலர் இதழைப் பல்லாண்டுகள் பெரும்பாலும் தனி ஆளாகவே நடத்தினார். நேரம் இவர்களுக்கும் இல்லை. டீக்கடையில் கால்மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து, “கடை எத்தனை வருஷமா நடத்துறீங்கண்ணே?” என்று கேட்க எந்த இதழாசிரியரும் தடை சொல்லப்போவதில்லை. அடுத்த புத்தகக் காட்சிக்குத் தொகுப்பு தயாரிப்பவர்கள் குறைந்தபட்சம் ஒவ்வொரு கட்டுரையின் கீழும் தேதியையும் ஊரையும் அச்சிடட்டும்.