உபகாரமா, ஊதியமா?

ஆங்கில உரைநடை பயில்வோர் சார்லஸ் லாமை எலியா என்னும் புனைபெயராலும் அறிவர். 1825-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'ஓய்வு பெற்ற மனிதன்' என்னும் கட்டுரை நகைச்சுவைக்கும் உருக்கத்துக்கும் பெயர் பெற்றது. ஓர் ஊழியரின் ஓய்வூதியம் எவ்வாறு முடிவாயிற்று என்னும் நோக்கிலும் அதனைப் படித்தல் தகும்.

லாம் எழுத்தை மட்டும் நம்பிப் பிழைத்தவரல்லர். சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் அன்று ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில், 1792 முதல் 33 ஆண்டுகள் கணக்கெழுதியவர். கட்டுரையிலோ கம்பெனி ஒரு தனியார் வாணிக நிலையமாக மாறிவிடுகிறது. உடல் நலிந்த எழுத்தர் வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறார். ஒரு நாள் மாலை முதலாளிகள் அவரை உள்ளறைக்கு அழைத்து, சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஆயுள் முழுதும் தருவதாகக் கூறுகின்றனர். அவரும் நாத்தழுதழுக்க நன்றி சொல்லி வீடு திரும்புகிறார்.

காட்சி அழகானதே. ஆயினும் கொடுப்பவர் கை மேலாகவும் கொள்பவர் கை கீழாகவும் அது அமைந்துவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் லாம் கவிஞர் வோர்ட்ஸ்வொர்த்துக்கு எழுதிய கடிதம் வேறு கணக்கைக் காட்டுகிறது. ஆண்டுக்கு 450 பவுன். 9 பவுன் பிடித்தம் போக 441 பவுன். இந்த ஓய்வூதியம் சட்டத்தால் உறுதி செய்யப்பட்டது என்றும் அவர் குறிப்பிடுகிறார். பிடித்தம், தமக்குப்பின் தமக்கை மேரிக்கு ஆதரவு வேண்டும் என்பதற்காக. சித்தப் பிரமையால் அவதியுற்ற மேரியை, மணம் புரியாமலே இருந்து காத்தவர் லாம். அவர் 1834-இல் மறைந்தார். மேரி 1847 வரை வாழ்ந்தார். அந்த 9 பவுனின் அருமை இதனால் விளங்கும்.

கட்டுரையில் சட்டத்திற்கும் இடமில்லை, தமக்கைக்கும் இடமில்லை. கலைக்குக் கணக்கு எதற்கு என்பாரும் உளர். ஆனால் எலியாவே ஓரிடத்தில் கணக்குப் போடுகிறார். ஐம்பது ஆண்டு வாழ்வில் பிறருக்காகச் செலவான நேரத்தைக் கழித்துவிட்டால், தாம் இன்னும் இளைஞரே என்கிறார். கழிக்கப்பட்ட அந்த ஆண்டுகளின் விலையே ஓய்வூதியம். இதனை உணர்த்திய பின்னும் முதலாளிகளை வாழ்த்தி நிற்பதே கட்டுரையின் குறை.

தமிழில் முன்பு இதனை உபகாரச் சம்பளம் என்றனர். பின்னர் ஓய்வூதியம் என்றனர். முன்னது கொடுத்தவரின் தயையைச் சொல்கிறது. பின்னது உழைத்தவரின் உரிமையைச் சொல்கிறது. லாமின் கட்டுரையில் முதற்சொல்லின் குரலும், கடிதத்தில் இரண்டாம் சொல்லின் குரலும் கேட்கின்றன. மாணவர்க்குக் கட்டுரையைக் கற்பிக்கும் ஆசிரியர், கடிதத்தையும் உடன்வைத்துக் கற்பித்தல் நன்று.