ஒரு சொல்லும் இரு பொருளும்
யோவான் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில், இயேசு நிக்கொதேமுவிடம் பிறப்பைப் பற்றிக் கூறுமிடத்து 'அனோதென்' என்னும் கிரேக்கச் சொல் வருகின்றது. 'மீண்டும்' எனவும் 'மேலிருந்து' எனவும் பொருள்படும் அதனை நம் உரையாசிரியர் இரட்டுற மொழிதல் என்பர். நிக்கொதேமு முன்னதையே கொண்டு, முதியவன் தாய் வயிற்றுட் புகுதல் எங்ஙனம் என மயங்குகின்றார். உரையாடல் முழுதும் அம்மயக்கத்தின் வழியே செல்கின்றது.

இரு பொருளையும் ஒருங்கே தாங்கும் சொல் ஆங்கிலத்தில் இல்லை. 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு 'மீண்டும்' எனப் பெயர்த்து, மற்றதை ஓரக்குறிப்பில் ஒதுக்கிற்று. 1989ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு 'மேலிருந்து' என மாற்றிற்று. முன்னதில் இயேசுவின் கருத்து மறைகின்றது. பின்னதில் நிக்கொதேமுவின் வினா காரணமின்றி நிற்கின்றது. 'மீண்டும்' என்பதையே மூலமெனக் கொண்டு வாதிடுவார் இன்றும் உளர். அவர்தம் கருத்தை யாம் ஏலோம். அதே அதிகாரத்து 31ஆம் வசனத்தில் அச்சொல்லே வர, ஆண்டு 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பும் 'மேலிருந்து' என்றே பெயர்த்துள்ளது.