இப்ராஹீம் அல்காஸி: நடிகர் ஆசானான வரலாறு

ஒரு கலைஞனின் பெருமையை அவன் ஆக்கிய படைப்புகளைக் கொண்டு அளப்பதே நம் வழக்கம். நாடகக் கலைஞனுக்கு அந்த அளவுகோல் பொருந்துவதில்லை. திரை விழுந்ததும் அவனுடைய படைப்பு மறைந்துவிடுகிறது. எஞ்சுவோர் அவனிடம் பயின்றவர்களே. இப்ராஹீம் அல்காஸியை (1925–2020) இந்தக் கோணத்தில்தான் மதிப்பிட வேண்டும்.

அவர் புனேயில் பிறந்தவர். தந்தையார் சவூதி அரேபியாவிலிருந்து வந்த வணிகர்; தாயார் குவைத்தைச் சேர்ந்தவர்; இல்லத்தில் வழங்கிய மொழி அரபு. பம்பாயில் மாணவராயிருந்தபோது சுல்தான் பதம்ஸீயின் ‘தியேட்டர் குரூப்’ மேடையில் நடிக்கத் தொடங்கினார். பின்னர் இலண்டன் ‘ராடா’வில் பயின்றார். பிரிவினையை அடுத்துக் குடும்பத்தார் பாகிஸ்தான் சென்றபோது, அவர் இந்தியாவிலேயே தங்கினார். 1954ல் பம்பாயில் ‘தியேட்டர் யூனிட்’ கண்டார். 1962 முதல் 1977 வரை டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநராக விளங்கினார்.

1963ல் தரம்வீர் பாரதியின் ‘அந்தா யுக்’ நாடகத்தை ஃபிரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளில் அவர் அரங்கேற்றினார். பாரதப் போரின் இறுதி நாளைப் பேசும் நாடகம். துக்ளக் மரபுச் சுல்தான் எழுப்பிய கோட்டை. அரபு வணிகரின் மகன் இயக்குநர். இம்மூன்றும் ஒன்றுகூடியதில் யாருக்கும் முரண் தோன்றவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. எங்கள் மீன்சுருட்டிக்கு அருகே, கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டின் செங்கல் அடித்தளங்களைக் காணுந்தோறும் இந்நிகழ்வு நினைவுக்கு வரும். இடிந்த சுவரும் பேசும், பேசவைப்பவர் வேண்டும்.

‘அதப்’ என்னும் அரபுச் சொல் இலக்கியத்தையும் ஒழுக்கத்தையும் ஒருங்கே குறிக்கும். அல்காஸியின் பயிற்றுமுறைக்கு இதனினும் பொருத்தமான பெயரில்லை. நடிக்க வந்தவரும் மேடையமைப்பு, ஒளி, உடை ஆகியவற்றைக் கற்றாக வேண்டும், காலந்தவறாமை கட்டாயம். நஸீருத்தீன் ஷா, ஓம் புரி முதலியோர் அந்தக் கண்டிப்பில் உருவானவர்கள்.

அவர் மேனாட்டு மரபைப் புகுத்தினார், நாட்டார் கலைகளுக்கு உரிய இடம் தரவில்லை என்பது அவர்மீது சுமத்தப்படும் குறை. இதனை முற்றும் மறுக்க இயலாது. பள்ளியின் மேடைமொழி பெரிதும் இந்தியாகவே இருந்தது. தமிழகத்திலிருந்தோ மணிப்பூரிலிருந்தோ சென்ற மாணவர் தம் மொழியை வாயிலில் விட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டியிருந்தது. இஃது இழப்பே.

ஆயினும், விளைவை வைத்தே முடிவு கூறவேண்டும். 1974ல் அங்குப் பயின்று வெளிவந்த ரத்தன் தியாம் இம்பால் திரும்பி, மணிப்புரி மரபிலிருந்தே புதிய அரங்கை எழுப்பினார். அப்பள்ளியில் பயின்ற சே. இராமானுஜம் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்து, தமிழ் மரபின் வேர்களைத் தேடினார். இவர்கள் அல்காஸியின் நாடகங்களைப் படியெடுக்கவில்லை. ஆசானிடம் பெற்ற ஒழுங்கைக் கொண்டு, அவர் செல்லாத வழியில் சென்றார்கள்.

தம்மைப்போலவே பேசும் மாணவரை உருவாக்குவது எளிது. மாணவர் தமக்கு மாறாகச் சென்றும் தம் பயிற்சி அவருக்கு உதவுமாறு கற்பிப்பது அரிது. கைத்தட்டல் தரும் மேடையை விட்டு இறங்கி, அந்த அரிய பணியை ஏற்றதே அல்காஸியின் சாதனை. வகுப்பறையில் நிற்கும் நம் போன்றோர் அவரிடம் கற்க வேண்டியதும் அதுவே.