எதிரொலி இல்லாத பொதிகை

பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பற்றி அவ்வப்போது இங்கே குறித்து வைப்பது வழக்கம். இந்த முறை எனக்கு மிகவும் பிடித்த அலைவரிசை. இப்போது டிடி தமிழ், எனக்கு இன்னும் பொதிகை.

சென்னைத் தூர்தர்ஷன் என்றாலே எல்லாரும் 'ஒளியும் ஒலியும்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். வெள்ளிக்கிழமை, பக்கத்து வீட்டு ஜன்னல், கூட்டம்... எழுதி எழுதித் தேய்ந்துபோன விஷயம். அதில் இருந்தது சினிமாப் பாட்டு. அதை இன்றைக்கு இருபத்து நாலு மணி நேரமும் போட அரை டஜன் சேனல் இருக்கு. 'வயலும் வாழ்வும்' கூட ஏதோ ஒரு வடிவத்தில் மற்ற சேனல்களுக்கும் போய்விட்டது. இன்றுவரை யாருமே எடுத்துக்கொள்ளாத நிகழ்ச்சி ஒன்று உண்டு: 'எதிரொலி'.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நேயர்கள் எழுதிப் போட்ட கடிதங்களை வாசிப்பார்கள், நிலையத்தின் சார்பில் ஒருவர் பதில் சொல்வார். அவ்வளவுதான். செட் கிடையாது, இசை கிடையாது, ஒரு மேசை, இரண்டு பேர், கொஞ்சம் காகிதம். பதில்கள் பிரமாதமாக இருந்தன என்று சொல்ல மாட்டேன். பாதி மழுப்பல், மீதி "ஆவன செய்கிறோம்" ரகம். டெல்லியிலிருந்து வரும் இந்தி நிகழ்ச்சிகளைப் பற்றிக் கேட்டால் சென்னையில் இருப்பவரால் என்ன சொல்ல முடியும்? ஆனாலும் "உங்க நாடகம் சகிக்கலை" என்று எங்கோ ஒரு ஊரில் 15 காசு அஞ்சலட்டையில் எழுதியதை, அந்த நாடகத்தைப் போட்ட நிலையமே தன் திரையில் வாசித்தது. இது சாதாரண விஷயம் இல்லை.

இதில் எனக்குப் புரியாத முரண் ஒன்று உண்டு. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. சன் டிவி வந்தது 1993 ஏப்ரலில். இடைப்பட்ட பதினேழரை வருஷம் இங்கே தூர்தர்ஷனுக்குப் போட்டி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. (தென்கோடியிலும் கடலோரத்திலும் ஆன்டெனாவை உயரத் தூக்கி ரூபவாஹினி பிடித்தவர்கள் கோபிக்க வேண்டாம்.) பிடிக்காவிட்டால் மாற்ற வேறு சேனலே இல்லாத காலத்தில், நேயருக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் நிலையத்துக்கு இல்லை. அப்போது பதில் சொன்னார்கள். இத்தனை போட்டி வந்த பிறகு ஒருத்தரும் சொல்வதில்லை.

காரணம் டிஆர்பி என்பது என் கணிப்பு. மாதிரி வீடுகளில் வைத்திருக்கும் கருவி எந்த சேனல் ஓடியது, எவ்வளவு நேரம் ஓடியது என்று சொல்லும். ஏன் அணைத்தார்கள் என்று சொல்லாது. மாமியார் விஷம் வைத்த காட்சியில் ஒரு வீடு சேனலை மாற்றினால், அது அருவருப்பிலா, குழந்தை கார்ட்டூன் கேட்டதாலா? கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். அஞ்சலட்டையில் காரணம் இருந்தது. கையெழுத்து மோசமாக இருந்தாலும் காரணம் இருந்தது.

தனியார் சேனல்களிடம் இதைக் கேட்பதில் அர்த்தமில்லை, அவர்கள் வியாபாரம் அது. பொதிகை நம் வரிப்பணத்தில் நடப்பது. 2024 ஜனவரி 19 அன்று அது டிடி தமிழாக மாறியது. புது செட், புது வண்ணம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, குறை இல்லை. பெயர்தான் உறுத்துகிறது. மராத்தி அலைவரிசைக்கு சஹ்யாத்ரி, குஜராத்திக்கு கிர்நார் என்று மலைகளின் பெயர் வைத்தார்கள். நமக்கும் அகத்தியரோடும் தமிழோடும் சேர்த்துச் சொல்லப்படும் ஒரு மலையின் பெயர் இருந்தது. அதை எடுக்கணும்னு எந்த நேயர் கேட்டார்? 'எதிரொலி' இருந்திருந்தால் அடுத்த வாரமே ஒரு மூட்டைக் கடிதம் வந்திருக்கும். யாராவது ஒருத்தர் கேமராவைப் பார்த்து விளக்கம் சொல்லியாக வேண்டும்.

இந்த அலைவரிசை ஒளிபரப்பு நின்றால் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று அட்டை போட்ட அலைவரிசை. எல்லாரும் அதைக் கிண்டல் பண்ணினோம். இப்போது யோசித்தால் வருந்துகிறோம் என்று சொல்லும் பழக்கமாவது இருந்திருக்கிறது.

வாரத்துக்கு அரை மணி நேரம் போதும். அஞ்சலட்டையோ, வாட்ஸ்அப் குரல் பதிவோ, எதில் வந்தாலும் சரி. திட்டி வருவதையும் சேர்த்து வாசிக்கணும், பதில் சொல்பவர் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கணும். தொகுப்பாளினியை விட்டுச் சமாளிக்கக் கூடாது.

என் முதல் கேள்வி தயாராக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை நாடகங்களில் எத்தனை இன்னும் சுவாமி சிவானந்தா சாலைக் கட்டிடத்தில் பத்திரமாக இருக்கின்றன? எத்தனை நாடாக்களின் மேல் வேறு நிகழ்ச்சி பதிவானது? இருப்பவற்றின் பட்டியலை, எழுதியவர் நடித்தவர் பெயரோடும் ஒளிபரப்பான தேதியோடும், எப்போது வெளியிடுவீர்கள்?