முற்றல் வெண்டைக்காயில் ஒரு பூ

களம்பூர், ஆரணிப் பக்கத்துப் பட்டுத்தறிகளில் முந்தானைப் பூ விழ, ஜக்கார்டு அட்டையில் துளைதுளையாகக் கணக்குப் போட வேண்டும். பிள்ளைகளின் ஸ்கிராப் புத்தகத்தில் பூ அச்சிட அடுப்பங்கரையே போதும். குழம்புக்கு ஆகாத முற்றல் வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, ஈரம் போகத் துணியில் ஒற்றி, ஸ்டாம்ப் பேடில் தொட்டு அழுத்தினால் ஐந்திதழ்ப் பூ. ஈரம் இருந்தால் வெறும் கறைதான். வாழை மட்டையின் வெட்டுமுகம் வலைபோல் பதியும். உருளைக்கிழங்கில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும், மறுநாளே சுருங்கியும்விடும். என் ஓட்டு, கட்டைத் துண்டில் இறுக்கிச் சுற்றிய கழிவு நூலுக்கு. கோடுகள் சற்றுக் கோணலாக விழும். தறியில் என்றால் கூலியில் பிடித்தம். தாளில் யார் கேட்பது?