பிளசீபோ (இசைக்குழு)

பிளசீபோ 1994-ல் லண்டனில் தொடங்கப்பட்ட ஆல்டர்நேட்டிவ் ராக் இசைக்குழு. பாடகரும் கிதார் கலைஞருமான பிரையன் மோல்கோ இருபாலீர்ப்பு கொண்டவர். பேஸ் கிதார் வாசிக்கும் ஸ்டெஃபான் ஓல்ஸ்டால் தன்பாலீர்ப்பு கொண்டவர். இருவரும் இதை வெளிப்படையாகச் சொன்னவர்கள்.

தொடக்கம்

மோல்கோ பெல்ஜியத்திலும் ஓல்ஸ்டால் சுவீடனிலும் பிறந்தனர். லக்சம்பர்க்கில் ஒரே பள்ளியில் படித்தும் இருவரும் நெருங்கிப் பழகியதில்லை. 1994-ல் லண்டன் சவுத் கென்சிங்டன் ரயில் நிலையத்தில் தற்செயலாகச் சந்தித்த பிறகே குழு உருவானது. முதல் இசைத்தொகுப்பு 1996-ல் வெளிவந்தது. 1996 முதல் 2007 வரை ஸ்டீவ் ஹெவிட் டிரம்ஸ் வாசித்தார்.

வேடமும் பாட்டும்

மோல்கோ கண்மையும் உதட்டுச்சாயமும் பூசி, சில சமயம் பெண்களின் உடையணிந்து மேடையேறினார். உச்சத்தில் ஒலிக்கும் அவரது மூக்கொலிக் குரலைக் கேட்டுப் பாடுபவர் ஆணா பெண்ணா என்று குழம்பியவர்கள் உண்டு.

தமிழருக்கு ஆண் பெண்வேடமிடுவது புதிதல்ல. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) நடத்திய பாலர் நாடகக் குழுவில் சிறுவர்களே ஸ்திரீபார்ட் ஏற்றுப் பாடினர். அங்கே திரை விழுந்ததும் வேடம் கலைந்துவிடும். அதனால் ஊரும் அதை ரசித்தது. மோல்கோவும் ஓல்ஸ்டாலும் திரை விழுந்த பின்னும் தாங்கள் யார் என்பதை மறைக்கவில்லை. அவர்கள் செய்த புதுமை இதுவே.

மதிப்பீடு

முதல் தொகுப்பின் ‘நான்சி பாய்’ 1997-ல் பிரிட்டன் தரவரிசையில் 4-ஆம் இடம் பெற்றது. பெண்தன்மை கொண்ட ஆணை இழிவுபடுத்தும் வசைச்சொல்லையே தலைப்பாக்கிய துணிச்சல் அதில் உண்டு. ஆனால் பாடல் அதிர்ச்சி தருவதோடு நின்றுவிடுகிறது. பத்திரிகைகளும் பாட்டைவிட உடையைப் பற்றியே அதிகம் எழுதின.

1998-ல் வந்த ‘வித்தவுட் யூ ஐ’ம் நத்திங்’ தொகுப்பே குழுவின் சிறந்த ஆக்கம். இதில் வீறாப்பு குறைந்து பிரிவும் தனிமையும் முன்னுக்கு வருகின்றன. காதலிப்பவர் எப்பாலர் என்று கேட்கத் தோன்றாத அளவுக்கு அந்தத் துயரம் எல்லோருக்கும் உரியதாகிறது. அதன் தலைப்புப் பாடலை 1999-ல் டேவிட் போவியும் இவர்களுடன் இணைந்து பாடினார். பின்னாளில் வந்த தொகுப்புகள் சில இதே மனநிலையைத் திரும்பச் சொல்வதால் சலிப்பூட்டுகின்றன.

ரபாத் மேடை

மொராக்கோவில் தன்பால் உறவைக் குற்றமாக்குவது தண்டனைச் சட்டத்தின் 489-ஆம் பிரிவு. 2015-ல் தலைநகர் ரபாத்தில் நடந்த மவாசின் விழாவில், வெற்று மார்பில் 489 என எழுதி அதைக் குறுக்கே அடித்து, வானவில் நிறக் கிதாருடன் ஓல்ஸ்டால் வாசித்தார். அடுத்த மாதமே ரபாத்தில் இரண்டு உள்ளூர் ஆண்கள் தன்பால் உறவு தொடர்பான குற்றச்சாட்டில் சிறைத்தண்டனை பெற்றனர். விருந்தாளிக் கலைஞர் விமானமேறிவிடலாம். ஊர்க்காரர் சட்டத்தோடுதான் வாழ வேண்டும்.

இந்தியாவில் அதே நிலையை உண்டாக்கிய எண் 377. அதன் பிடியிலிருந்து வயதுவந்தோரின் இசைவுடனான உறவை 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ஒரு பாட்டு சட்டத்தை மாற்றாது. மறைந்து வாழ்பவருக்கு, தாம் தனியாள் இல்லை என்று மட்டும் அது உணர்த்தும். பிளசீபோ என்பது மருந்துச் சத்து இல்லாமலே நோயாளிக்கு ஆறுதல் தரும் மாத்திரையின் பெயர். குழுவுக்கு அது பொருத்தமான பெயர்தான்.