கையில் வந்த யாஷிகா எலெக்ட்ரோ

ஃபிலிமைத் தள்ளும் லீவரைக் கட்டைவிரலால் இழுத்தால் உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். பழைய யாஷிகா எலெக்ட்ரோ 35 ஜிஎஸ்என் கேமராவை வாங்கப் போகிறவர் முதலில் காது கொடுக்க வேண்டியது அதற்குத்தான். உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரப்பர் துண்டு வயதாகி நொறுங்கினால் அந்தச் சத்தம் நின்றுவிடும். அதன்பின் கேமரா தேர்ந்தெடுக்கும் ஷட்டர் வேகத்தை நம்ப முடியாது. லென்ஸின் பளபளப்பைப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன், கடையிலேயே லீவரை நாலைந்து தடவை இழுத்துப் பார்த்துவிடலாம்.

எலெக்ட்ரோ 35 வரிசை 1966-ல் ஜப்பானில் தொடங்கியது. ஜிஎஸ்என் 1973-ல் வந்தது. யாஷிகா என்றதும் நம் ஊர் ஸ்டூடியோக்காரர்களுக்கு நினைவு வருவது, மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டை லென்ஸ் பெட்டி. இது கண்ணோடு ஒட்டிப் பிடிக்கும் 35 மிமீ ரேஞ்ச்ஃபைண்டர். 2012-ல் வெளியான ‘தி அமேசிங் ஸ்பைடர்மேன்’ படத்தில் பீட்டர் பார்க்கர் வைத்திருப்பதும் எலெக்ட்ரோ 35தான்.

இந்தக் கேமராவின் சுகம் ஃபோகஸ் செய்வதில் இருக்கிறது. வியூஃபைண்டரின் நடுவில் ஒரு மஞ்சள் திட்டு தெரியும். இரண்டு ஜன்னல்கள் வழியாக வரும் காட்சிகள் அங்கே ஒன்றின்மேல் ஒன்றாக விழுகின்றன. எதிரே கண்ணாடி அணிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால், அந்தத் திட்டுக்குள் அவருடைய மூக்குக்கண்ணாடியின் விளிம்பு இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு விளிம்புகளும் நெருங்கிவந்து, ஒரு கட்டத்தில் ஒன்றோடொன்று பொருந்திவிடும். அந்த நொடியில் பட்டனை அழுத்தினால் போதும். எஸ்எல்ஆர் கேமராவில் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே எழும்போது காட்சி ஒரு கணம் மறையுமே, இதில் அந்த இருட்டே கிடையாது. இலைஷட்டர் என்பதால் சத்தமும் மெல்லியது. தூங்கும் குழந்தையைப் பக்கத்தில் இருந்தே எடுக்கலாம், விழிக்காது. ஆனால் 80 செமீக்கு உள்ளே நெருங்க முடியாது.

வேலை இரண்டாகப் பிரிகிறது. லென்ஸின் திறப்பான அபெர்ச்சரைப் படம் எடுப்பவர் வைக்கிறார். வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்கிறது. 1/500 நொடியிலிருந்து 30 நொடி வரை இடையில் எந்த வேகத்தையும் அது தேர்ந்தெடுக்கும். பட்டனைப் பாதி அழுத்தும்போது மஞ்சள் விளக்கு எரிந்தால் வேகம் 1/30-க்கும் கீழே போகிறது, கை ஆடக்கூடாது என்று அர்த்தம். சிவப்பு எரிந்தால் வெளிச்சம் மிஞ்சிவிட்டது, அபெர்ச்சரைக் குறைக்க வேண்டும்.

நம் வெயிலில் இந்தச் சிவப்பு விளக்கு அடிக்கடி எரியும். உச்சி வெயிலில் 400 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு எஃப் 16-ல் ஏறக்குறைய 1/400 வேகம் வேண்டும். எஃப் 11-க்குத் திறந்தாலே 1/800 தேவைப்படும்; ஷட்டருக்கு அது எட்டாது. 100 ஐஎஸ்ஓ ஃபிலிம் போட்டால் எஃப் 8 வரை வரலாம். இதன் எஃப் 1.7, 45 மிமீ லென்ஸை முழுசாகத் திறந்து முகத்தை மட்டும் தனியாகத் துலங்க வைக்க நினைப்பவர்கள் மாலை வெயில் சாயும் வரை பொறுக்க வேண்டும். பொறுத்தால் பலன் உண்டு. அந்த மென்மையான பின்னணிக்காகவே இந்த லென்ஸை விரும்புகிறவர்கள் பலர்.

வெளிச்சத்தை அளக்கும் கண் லென்ஸுக்குள் இல்லை, கேமராவின் நெற்றியில் இருக்கிறது. அதனால் லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் விளக்குகள் எதுவும் எச்சரிக்காது. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் பாட்டியை எடுத்தால் ஜன்னல் வெளிச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முகத்தைக் கறுப்பாக்கிவிடும். அப்போது ஐஎஸ்ஓ எண்ணை 100-லிருந்து 50-க்கோ 25-க்கோ இறக்கினால் முகம் தெளியும். எடுத்து முடித்ததும் பழைய எண்ணுக்குத் திருப்பிவிட வேண்டும்.

பெரிய குறை பேட்டரி. அந்தக் காலத்து 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இன்று கிடையாது. கடையில் கிடைக்கும் 6 வோல்ட் 4எல்ஆர்44 பேட்டரியைக் காகிதச் சுருளில் சுற்றி, நீளம் போதாத இடத்தில் ஒரு ஸ்பிரிங் வைத்தால் வேலை நடக்கும். பின்பக்கத்துப் பட்டனை அழுத்தும்போது பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி தீர்ந்தால் தானியங்கி வேகம் போய்விடும். 1/500 மட்டுமே மிஞ்சும். பின்கதவின் ஓரத்துக் கறுப்பு ஃபோமும் பெரும்பாலும் பிசுபிசுவென்று உருகியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாக ஒட்டாவிட்டால் வெளிச்சம் கசிந்து ஃபிலிமில் கோடு விழும்.

ஷட்டர் வேகத்தையும் தானே வைக்க விரும்புகிறவர்களுக்கு இது சரிப்படாது. 1972-ல் வந்த கேனனெட் க்யூஎல்17 ஜி3 அவர்களுக்கு ஏற்றது. வீட்டு மனிதர்களையும் தெருவையும் நிதானமாக எடுக்க நினைப்பவர்கள் ஜிஎஸ்என்னைத் தயங்காமல் வாங்கலாம். முதல் ரோல் 100 ஐஎஸ்ஓ-வாக இருக்கட்டும். பயன்படுத்தாத மாதங்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.